பேஸ் கிடார் இல்லாத கேசட்

எங்கள் பேண்டின் இரண்டாவது ஆல்பத்துக்காகப் பம்பாய்க் கேசட் கம்பெனி அனுப்பிய ஆள், முதல் நாளே என்னை "சார்" என்று கூப்பிட்டார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஸ்டுடியோ வாசலில் நின்று கையைக் கொடுத்து, "கம் சார், கம்" என்கிறார். பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த தகடு வெட்டும் பட்டறையில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. காரியம் இல்லாமல் யாரும் யாரையும் சார் என்று சொல்ல மாட்டார்கள் என்று அங்கேயே பார்த்து வைத்திருந்தேன்.

அவருடைய காரியம் என்ன என்பது அன்று மதியமே தெரிந்தது. வேனிலிருந்து இரண்டு கீபோர்டுகளை இறக்கினார். அவர் தயாரிப்பாளர் மட்டும் இல்லை, கீபோர்டும் அவரே வாசிப்பாராம்.

நான் பேஸ் கிடார் வாசிப்பவன். நாலு தடித்த கம்பிகள் உள்ள கிடார். பாட்டில் அடியில் ஓடும் கனமான சத்தம் அதனுடையது. கேட்கிறவர்கள் அதைத் தனியாகக் கேட்பதில்லை. நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறது என்று தலையைத் தூக்குவார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டபின், கல்யாணங்களில் சினிமாப் பாட்டு வாசிக்கும் ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் அதைக் கற்றுக்கொண்டேன். ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம், அல்சூர் என்று சீசனில் வாரம் மூன்று மேடை இருக்கும். பிறகு ஒரு நாள் ஆர்கெஸ்ட்ராக்காரர் ஒரு கீபோர்ட் வாங்கினார். வலது கையில் புல்லாங்குழல், வயலின் எல்லாம் வந்தது. இடது கையால் பேஸ் வந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. வயலின்காரருக்கும் இல்லை. யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. கூப்பிடுவது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அதனால்தான் அந்த இரண்டு கீபோர்டுகளிலும் இடது கைப் பக்கத்துக் கட்டைகளை முதலில் பார்த்தேன்.

இந்த பேண்டில் நான் சேர்ந்ததும் ஓர் ஆள் போனதால்தான். அவர்களுடைய பேஸ்காரன் மேல்படிப்புக்கு அமெரிக்கா போய்விட்டான். எங்கள் டிரம்மர் கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழன், என்னை ஒரு கல்யாணத்தில் கேட்டிருந்தவன், தேடி வந்து கூட்டிக்கொண்டு போனான். பாடகன் வீட்டில் கன்னடம், வெளியில் ஆங்கிலம். என்னோடு பேசும்போது மட்டும் கன்னடம் கலந்த உடைந்த தமிழ், மச்சி என்பதற்குப் பதில் குரு. லீட் கிடார் வாசிப்பவன் யாரோடும் அதிகம் பேச மாட்டான். மூவரும் கல்லூரி முடித்தவர்கள். பாட்டெல்லாம் ஆங்கிலத்தில், பாதி வரிகளுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. பேஸ் வாசிக்க அர்த்தம் தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் மூவரும் வேகமாக ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால், என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

முதல் கேசட் நாங்களே போட்டது. ஒரே அறை, நாலு பேர், ஒரே நாள். எல்லோரும் ஒன்றாக வாசித்தோம். ஒருவன் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். அது கல்லூரி விழாக்களில் கை மாறிப் போய், யார் மூலமாகவோ பம்பாய்க் கம்பெனியின் காதுக்கு எட்டியது. கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது: சத்தத்தைக் குறைக்க வேண்டும், வீட்டில் பெண்களும் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். ஏழு நிமிடப் பாட்டு நாலு நிமிடம் ஆனது. இரண்டு காதல் பாட்டு சேர்ந்தது. எல்லாப் பாட்டின் நடுவிலும் கூட்டமாக "ஓ... ஓ..." என்று இழுக்க ஓர் இடம் வந்தது. எல்லாவற்றின் மேலும் கீபோர்ட், கேக்கின் மேல் கிரீம் தடவின மாதிரி.

"என் சோலோவ ரெண்டு தும்மலுக்குள்ள முடிச்சுக்கோன்றான்," என்றான், பாட்டின் நடுவே தனியாக வாசிக்கும் லீட் கிடாரிஸ்ட். அவன் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"நீயாவது தும்மற. என்னை எண்ணி எண்ணித் தட்டச் சொல்றான். டிக் டிக்னு ஒரு பெட்டிய காதுல மாட்டிட்டான்," என்றான் டிரம்மர்.

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர்களுக்குக் குறைந்தது தும்மலாவது மிச்சம். எனக்கு என்ன மிச்சம் என்று யாரும் சொல்லவில்லை.

பட்டறையில் சனிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளும் எட்டுப் பாட்டையும் எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். அது வெறும் அடையாளத்துக்குப் பதிவு செய்வது, பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து அவரவர் பங்கை மறுபடி ஒழுங்காக வாசிப்பார்கள் என்று பாடகன் சொன்னான். எனக்கு அந்த முறை புதிது. ஒன்றாக வாசித்ததை ஏன் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்? பிரித்தால் எதை வேண்டுமானாலும் எடுத்துவிடலாமே?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போனபோது, கம்பெனி ஆளும் பாடகனும் நடையில் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து வார்த்தையில் மூன்றுதான் எனக்குப் பிடிபடும். பிடிபட்ட மூன்று: பேஸ். கீபோர்ட். டைம். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பாடகன் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை என்னிடம் நீட்டி, "தகோ குரு, சாப்பிடு," என்றான்.

பிஸ்கட் வேறு.

"இன்னா பேசிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்று பயம். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு வாரநாட்களில் நேரம் ஒதுக்கினார்கள். எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்பதால் என் பங்கு கடைசியில், அடுத்த ஞாயிறு வந்தது. அதற்கு மறுநாள் டேப் பம்பாய்க்குப் போக வேண்டும். காரணம் நியாயமானதுதான். நியாயமான காரணம் சொல்லித்தான் கழற்றிவிடுவார்கள் என்றும் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டிரம்மர் ஒக்கலிபுரத்துக்கு வந்து, பைக்கிலிருந்து இறங்காமலே ஒரு கேசட்டைக் கொடுத்தான்.

"ஸ்டுடியோ இன்ஜினியர் குடுத்தாரு மச்சி. நல்லா கேளு. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வந்துடு, மீதிய அங்க பேசிக்கலாம்."

பேசிக்கலாம். பட்டறையில் சூப்பர்வைசர் ஒருவனைப் பார்த்து, "சனிக்கிழமை ஆபீசுக்கு வா, பேசிக்கலாம்" என்றால், திங்கட்கிழமை அவன் மெஷினில் வேறு ஆள் நிற்பான்.

கேசட்டின் மேல் ஆங்கில எழுத்தில் பேஸ் என்று பென்சிலால் எழுதியிருந்தது. வீட்டு டேப்ரிக்கார்டரில் போட்டேன். டிரம்ஸ் இருந்தது. கிடார் இருந்தது. பாடகன் குரல் இருந்தது. கீபோர்ட் தாராளமாக இருந்தது. என் பேஸ் இல்லை. முதல் பாட்டில் இல்லை, இரண்டாவதில் இல்லை, எட்டிலும் இல்லை. இரண்டு நாள் விரல் காய்க்க வாசித்தது துடைத்து வழித்த மாதிரி போயிருந்தது. மேலே பேஸ் என்று எழுதி, உள்ளே பேஸை எடுத்துவிட்டுக் கொடுக்கிறார்கள் என்றால் அது செய்தி இல்லாமல் வேறென்ன?

வீட்டு டேப்ரிக்கார்டர் சின்னது, அதில் அடிச் சத்தம் எடுக்காமல் இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர். பின் சீட்டுக்கு முதுகுப்புறம் சோற்றுத் தட்டு அளவில் இரண்டு ஸ்பீக்கர் வைத்திருந்தார். அவர் தெருவில் நுழைந்தால் எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "அண்ணா, இத கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்," என்றேன்.

இரண்டு பாட்டு ஓடியது. அவர் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். குமிழைத் திருகினார்.

"இன்னாடா இது? செவுரு கீது, கூரை கீது. தரையே இல்ல?"

"உங்க ஸ்பீக்கர் சரியாத்தானே இருக்கு?"

"ஏய், என் ஸ்பீக்கர சந்தேகப்படாத. உன் கேசட்ட சந்தேகப்படு." பிறகு என் முகத்தைப் பார்த்து, "யாரு இதுல தரை?" என்றார்.

நான் கேசட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வியாழன், வெள்ளி, சனி. ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். முனைக் கடையில் போன் இருந்தது, பாடகனின் நம்பர் என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, பழைய சங்கதிகளை ஒவ்வொன்றாக எடுத்து இதோடு பொருத்திப் பார்த்தேன். கம்பெனி பத்திரத்தில் கையெழுத்து வாங்கியபோது பாடகன், "எல்லாருக்கும் ஒரே பேப்பர்தான் குரு, சும்னே போடு" என்றது. கம்பெனி ஆள் என் கிடாரை வாங்கிப் பார்த்து, "நைஸ், நைஸ்" என்று உடனே திருப்பிக் கொடுத்தது. அந்த சார். அந்த பிஸ்கட். எல்லாம் பொருந்தியது. சந்தேகம் வந்த பிறகு பொருந்தாத சாமான் என்று எதுவும் இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, சட்டை மாட்டி, கிடாரை உறையில் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. பத்து மணிக்கு அங்கே போய், மூன்று படித்தவர்களும் ஒரு பம்பாய்க்காரரும் சேர்ந்து பக்குவமாகச் சொல்லப்போவதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கிடாரை வெளியே எடுக்காமலே பஸ் ஏறி வர வேண்டும். அதற்குப் போகாமலே இருந்துவிடலாம். என்னை அனுப்புகிற வேலையாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்று ஒரு வீறாப்பு.

பத்தரைக்குக் கடைக்கார அக்கா வாசலில் வந்து நின்றார்.

"உனக்குப் போனு. பேண்டுக்காரங்களாம்."

"ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லுங்கக்கா."

"எந்த ஊரு?"

"ஏதாவது ஊரு."

"கேக்குறவங்க பேரு கேப்பாங்கல்ல?"

"ஆம்பூர்னு சொல்லுங்க. சாவுன்னு சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழம காலங்காத்தால என் வாயால சாவுன்றியே, உருப்படுமா என் கடை?" என்று திட்டிக்கொண்டே போனார். பதினொன்றுக்கு மறுபடி வந்தார். பன்னிரண்டரைக்கு மறுபடி. மூன்றாம் முறை வந்து, "அந்தப் புள்ள அழுவாத கொறையா கேக்குதுடா. நெசமா யாராவது செத்துட்டாங்களா?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்த கிடாரைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. வராதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதிய ஷிப்ட் விடுகிற நேரத்தில் பட்டறை கேட்டுக்கு எதிரே டிரம்மர் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். ஒசூர் ரோட்டின் புழுதி முழுக்க அவன் தலையில்.

"ஆம்பூர்ல யாருடா செத்தாங்க?"

நான் சாப்பாட்டு டப்பாவை மறு கைக்கு மாற்றினேன்.

"சொல்லுடா. பெரியப்பாவா? சித்தியா? இல்ல நானா?"

"எதுக்கு வரணும்? அதான் என்னுத எடுத்துட்டீங்களே. கேசட்டும் குடுத்து அனுப்பினீங்களே."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு பையைத் திறந்து ஒரு வாக்மேனை எடுத்து, என் காதில் அவனே மாட்டி, அழுத்திவிட்டான்.

அதே பாட்டு. ஆனால் டிரம்ஸ் இல்லை. பாடகன் பாடுகிறான், கிடார் ஓடுகிறது, கீபோர்ட் இழுக்கிறது. அடியில் தட்டுகிறவனே இல்லாமல் எல்லாம் அந்தரத்தில் போகிறது. அந்த அந்தரத்தின் நடுவில் என் பேஸ். தெளிவாக, தனியாக, கிட்டத்தில். இரண்டாவது சரணத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு விரல் தயங்கியது வரைக்கும் கேட்டது. அவ்வளவு நாளில் நான் வாசித்ததை நானே அப்படிக் கேட்டதில்லை. ஓடிக்கொண்டிருந்த லாரிகளை மறந்துவிட்டு நின்றேன்.

டிரம்மர் கேசட்டை வெளியே எடுத்துக் காட்டினான். மேலே பென்சிலால் டிரம்ஸ் என்று எழுதியிருந்தது.

"ஆளுக்கு ஒண்ணுடா. அவனவன் வாசிச்சத எடுத்துட்டு மீதிய குடுப்பாங்க. வீட்ல அதுகூட சேர்ந்து வாசிச்சுப் பழகிட்டு வரணும். உனக்கு பேஸ் இல்லாம, எனக்கு டிரம்ஸ் இல்லாம. தெரியாதா உனக்கு?"

தெரியாது. ஆர்கெஸ்ட்ராவில் அப்படி ஒன்று கிடையாது. எங்கள் முதல் கேசட்டில் கிடையாது. மற்ற மூவருக்கும் தெரிந்திருந்தது, அதனால் எனக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? கேட்டிருக்கலாம்ல?"

"இப்ப வரேன். இப்பவே வரேன். வீட்டுக்குப் போய் கிடார எடுத்துட்டு..."

அவன் வாக்மேனின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான். ஞாயிறு நாலு மணி வரைக்கும் காத்திருந்தார்கள். பிறகு கம்பெனி ஆள் கீபோர்டில் உட்கார்ந்து, இடது கையால் எட்டுப் பாட்டுக்கும் பேஸ் போட்டார். திங்கட்கிழமை டேப் பம்பாய் போய்விட்டது.

"எவ்வளவு நேரம் ஆச்சு அவருக்கு?"

"அது எதுக்கு உனக்கு?"

"சொல்லுடா."

"ஒன்றரை மணி நேரம்."

அதுதான் வலித்தது. இரண்டு நாள் நான் வாசித்தது ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற வேலை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு இன்னொன்று உறைத்தது. எட்டுப் பாட்டை ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் வாசித்து முடிக்கிறார் என்றால், அவர் முன்னாடியே பழகி வைத்திருந்தாரா? நான் வராமல் போவதற்கு முன்பே? அதை நான் டிரம்மரிடம் கேட்கவில்லை. மறுபடியும் கேட்கவில்லை.

பேண்டிலிருந்து என்னை யாரும் அனுப்பவில்லை. கேசட் வந்தது. உள்ளே நாலு பேர் படம். பெயர்ப் பட்டியலில் என் பெயர், அதற்கு எதிரே பேஸ். பாடகன் பிடிவாதமாக அப்படிப் போடச் சொன்னானாம். நல்ல மனசோடு செய்தது. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை யாரும் கொடுத்திருக்க முடியாது. பழைய ரசிகர்கள், விலை போய்விட்டார்கள் என்றார்கள். ஒரு விழாவில் ஒருவன் அதைச் சட்டையில் எழுதிக்கொண்டு வந்தான். புதிய ரசிகர்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். அதில் ஒரு பெண், மேடைக்குப் பின்னால் வந்து, அந்தக் காதல் பாட்டில் உங்கள் பேஸ் ரொம்ப அழகு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லா வார்த்தையும் புரிந்தது. தேங்க்யூ என்றேன்.

கேசட்டில் இருப்பதைப் போலவே மேடையிலும் வேண்டும் என்று கம்பெனி சொன்னது. அதனால் அந்தக் கேசட்டை வாங்கி, வீட்டில் போட்டு, கம்பெனி ஆளுடைய இடது கை வாசித்ததை நான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அந்தக் காதல் பாட்டில் ஒரு ஸ்வரம் என் கிடாரின் கடைசிக் கம்பிக்கும் கீழே போனது. கீபோர்டுக்கு என்ன, எவ்வளவு கீழே வேண்டுமானாலும் போகும். ஒவ்வொரு மேடையிலும் அந்தப் பாட்டுக்கு முன் கம்பியைத் தளர்த்துவேன். தளர்ந்த கம்பி கட்டைமேல் பட்டுக் கரகரக்கும். நன்றாகத்தான் வாசித்திருந்தார் அவர். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஒரு கல்லூரி மைதானத்தில், மாலை நிகழ்ச்சிக்காக மதியமே ஸ்பீக்கர்களைச் சரி பார்த்துக்கொண்டிருந்தோம். பாடகன் தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. எப்படி வந்தது தைரியம் என்று தெரியாது. பயம் அலுத்துப் போயிருக்கலாம்.

"குரு, நான் அன்னிக்கு வந்திருந்தா என்னுத வச்சிருப்பீங்களா?"

அவன் உடனே ஆமாம் என்றிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஒயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் நாலைந்து சுற்று சுற்றினான்.

"கொத்தில்ல குரு. தெரியல," என்றான். "அந்த ஆள் முதல்ல இருந்தே கீபோர்ட்ல போடலாம், டைம் மிச்சம்ன்னு சொல்லிக்கிட்டு இருந்தான். பழகி வேற வச்சிருந்தான். நான்தான், நம்ம பேஸ்காரன் வாசிக்கட்டும், கேட்டுட்டு முடிவு பண்ணலாம்ன்னு சொன்னேன். நீ வரல. நான் என்ன சொல்லட்டும் அவன்கிட்ட?"

"அன்னிக்கு பிஸ்கட் குடுத்தப்ப அதத்தான் பேசினீங்களா?"

"எந்த பிஸ்கட்?"

"விடு."

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்கவே மாட்ட. மூஞ்சிய மட்டும் தூக்கி வச்சுக்குவ. அத பார்த்து நாங்க பயந்துகிட்டு இருப்போம், இவன் எப்ப விட்டுட்டுப் போவானோன்னு."

அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் அவன் சொன்ன "தெரியல" பொய் இல்லை. அவன் எனக்குச் சொன்னதில் நான் சந்தேகப்படாத முதல் வார்த்தை அது.

அன்று மாலை அந்தக் காதல் பாட்டு வந்தபோது கம்பியைத் தளர்த்தவில்லை. அந்த இரண்டு நாள் ஸ்டுடியோவில் நான் வாசித்தது இன்னும் விரலில் இருந்தது. அதையே வாசித்தேன். கீழே நின்ற கூட்டம் எப்போதும் போல "ஓ... ஓ..." என்று இழுத்தது; யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்ததாகத் தெரியவில்லை. டிரம்மர் மட்டும் தலையைத் தூக்கிப் பல்லைக் காட்டினான். பாடகன் பாதிப் பாட்டில் திரும்பி என்னை முறைத்தான்.

நிகழ்ச்சி முடிந்து இறங்கியதும் நேராக அவனிடம் போனேன்.

"என்னா முறைச்ச?"

"எப்போ?"

"அந்தப் பாட்டுல. நான் மாத்தி வாசிச்சப்ப."

"மாத்தி வாசிச்சியா?" என்றான். "என் பக்கத்து ஸ்பீக்கர்ல எனக்கு என் குரலே கேக்கல. அதுக்கு முறைச்சேன்."

நிஜமா என்று கேட்டேன். நிஜம்தான் என்றான். மறுபடி ஒரு முறை கேட்டேன். அவன் என் கிடாரின் உறையை எடுத்து என் தோளில் போட்டு, "சாப்பிடப் போலாம் வா, பசிக்குது," என்றான். போனேன்.